கண் கிளினிக்குக்குப் போன மனிதர்

அந்தப் புதன்கிழமை காலை வீட்டிலிருந்து புறப்படும்போது, கண் கிளினிக்குக்குப் போவதாகத்தான் பாலேந்திரா மனைவி தயாளினியிடம் சொன்னார். போனது நீதிமன்றத்துக்கு. மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. விம்பிள்டனில் ஒரு வீட்டுக் குளியலறைக்கு மாபிள் பதிக்கும் வேலை பாதியில் நின்றது. பின்னேரம் போய் மிச்சச் சுவரை முடித்துவிடலாம் என்று உதவிக்கு நிற்கும் போலந்துக்காரனிடம் சொல்லி வைத்திருந்தார்.

மத்தியானம் அவர் கைதிகளை ஏற்றும் சிறை வானுக்குள் இருந்தார்.

சிறையில் பெயர் பதிந்து, பெல்ட்டையும் வீட்டுத் திறப்புக் கோர்வையையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு, ஒரு தொலைபேசி அழைப்புக்கு அனுமதி தந்தார்கள். வெளியே நல்ல மழை. தயாளினி முதல் மணியிலேயே எடுத்தார்.

"எங்க நிக்கிறியள்? கண்ணுக்குள்ள மருந்து விட்டிட்டாங்களே? பாதை தெரியாட்டி நான் வரட்டோ?"

"கண் நல்லா இருக்கு."

"அப்ப ஏன் இவ்வளவு நேரம்?"

"தயா, நான் ஜெயிலுக்குள்ள நிக்கிறன்."

"என்ன? வெயிலுக்குள்ளயோ? இஞ்ச மழை ஊத்துது."

"வெயில் இல்லை. ஜெயில்."

பிறகு தயாளினி மிக நிதானமாகக் கேட்டார்: "கண் கிளினிக்குக்குப் போன மனிசனை ஏன் ஜெயிலில போட்டவங்கள்?"

அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் ஒன்பது மாதக் கதையைச் சொல்ல வேண்டும். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பாலேந்திரா கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை. டோர்ட்முண்டில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் இங்கிலிஷ் படிப்புக்காக விம்பிள்டனுக்குப் பக்கத்திலிருக்கும் மிச்சம் என்ற ஊருக்கு வந்தவர். மாபிள் பதிப்பதில் கைகாரர். ஜெர்மனியிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே கெட்ட பழக்கம் வேகம். அங்கே சில நெடுஞ்சாலைகளில் எவ்வளவு வேகமாகப் போனாலும் கேட்க ஆளில்லை. இங்கே ஒவ்வொரு தூணிலும் ஒரு கமெரா. கமெராக்கள் ஒன்றன் பின் ஒன்றாக மின்னி, 2009 ஜனவரியில் ஆறு மாதத்துக்கு அவருடைய லைசென்ஸ் பறிபோனது.

அதை வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் வால்தம்ஸ்டோவில் இருக்கும் தயாளினியின் தம்பி குகநாதன் குடித்துவிட்டுக் கார் ஓடிப் பிடிபட்டு லைசென்ஸை இழந்தவன். அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்து, கோழிக்கறி ஆறிப்போகும் வரைக்கும் பாலேந்திரா புத்தி சொன்னார். வந்த நாட்டின் சட்டம், எங்கள் சனத்தின் மரியாதை, அக்காவின் மானம் என்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அப்படிப் பேசிய வாயால் இதை எப்படிச் சொல்வது?

ஆகவே அவர் சொன்னது இது: "கண்ணில ஏதோ அமுக்கமாம். கொஞ்ச நாளைக்கு வாகனம் ஓட வேண்டாமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

தயாளினி அன்றைக்கே கடைக்குப் போய்ப் பொன்னாங்காணி வாங்கி வந்தார். பிறகு தினமும் வாங்கினார். சுண்டல், பால்கறி, சொதி, வறை என்று பொன்னாங்காணி எத்தனை வேடம் போடுமோ அத்தனையும் மேசைக்கு வந்தது. காலையில் வெறுவயிற்றில் கரட் சாறு. பாலேந்திரா எதிர்ப்பில்லாமல் விழுங்கினார்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, மாபிள் ஒட்டும் பசை தீர்ந்துவிட்டது. போலந்துக்காரன் லீவு. கடை இரண்டு தெரு தள்ளித்தான். தன் வேலை வானை எடுத்தார். பின்விளக்கு ஒன்று எரியவில்லையென்று பொலிஸ் மறித்தது. தடையிருக்கும்போது வாகனம் ஓடியது இந்த நாட்டில் சிறைக்குப் போகக்கூடிய குற்றம். முதல் தடவை என்பதால் நீதிமன்றம் அவரை உள்ளே அனுப்பவில்லை. ஒரு வருடம் நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வை. அதோடு சனிக்கிழமைகளில் சம்பளமில்லாப் பொது வேலை. ஒழுங்காகச் செய்தால் பிரச்சினையில்லை. தவறினால் திரும்பவும் கோட்டில் நீதிபதி முன்னால் வந்து நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமைகளில் அதிகாரி சன்ட்ராவைப் பார்க்கப் போவதற்குக் கண் கிளினிக் என்று பெயர் வைத்தார். சனிக்கிழமைகளுக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. "கவுன்சில் கூப்பிடுது. பார்க் துப்புரவாக்கிற தொண்டு வேலை. எங்கட சனத்தில ஒருத்தரும் போறேல்லை. நானாவது போவம்" என்றார்.

இதைக் கேட்டுத் தயாளினிக்கு அவர்மேல் மதிப்புக் கூடியதுதான் வினை. கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற பெண்களிடம் சொன்னார். அவர்கள் கணவன்மாரிடம் சொன்னார்கள். ஜூலை மாதம் ஒருநாள் கோயில் செயலாளர் விஜயரத்தினம் நேரே வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"தம்பி பாலேந்திரா, வெள்ளைக்காரன்ர புல்லைக் கிழமைக்குக் கிழமை வெட்டிக் குடுக்கிறீராம். எங்கட அம்மனுக்கு இரண்டு சனிக்கிழமை தாருமன். கொடியேத்தமும் தேரும். தொண்டருக்குத் தலைமையா நீர்தான் நிக்க வேணும்."

"அண்ணை, எனக்குச் சனிக்கிழமை ஏலாது."

"தொண்டெண்டால் எல்லாம் தொண்டுதானே?" விஜயரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "இந்த வருசம் சனம் இரண்டு மடங்கு வரும், தம்பி. மே மாசம் ஊர்ச் சண்டையில நடந்ததுக்குப் பிறகு சனத்துக்கு அழுகிறதுக்கு வேற இடமில்லை. வாற சனத்தைப் பிடிச்சு நடத்த நிதானமான ஆள் வேணும்."

தயாளினி தேத்தண்ணியோடு வாசலில் நின்றார். அவருடைய பெரியம்மா குடும்பம் அப்போது வவுனியா முகாமில் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் இருந்தது. அவர் தட்டைக் கையில் பிடித்தபடியே கணவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாலேந்திரா "சரி அண்ணை" என்றார்.

தேரன்று தார் ரோட்டில் சனம் கடல்போல வந்தது. காணாமல் போனவர்களின் படங்களை நெஞ்சில் அணைத்துக்கொண்டு பெண்கள் நடந்தார்கள். ஆண்கள் ஈரவேட்டியோடு உருண்டார்கள். பாலேந்திரா முன்னால் ஓடி ரோட்டில் கிடந்த கல்லைப் பொறுக்கினார், உருண்டவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினார், வடம் பிடித்தவர்களை வரிசைப்படுத்தினார், வளைவில் தேர் சாயாமல் கட்டை போட வைத்தார். ஒரு பொலிஸ் அதிகாரி வந்து கைகுலுக்கி, மிக நன்றாக நடத்துகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு பாலேந்திரா நீண்ட நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

இரண்டு சனிக்கிழமை வேலையும், நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமைச் சந்திப்பும் தவறிவிட்டன. முதல் தவறலுக்கு எச்சரிக்கை வந்தது. அடுத்ததற்கு விஷயம் கோட்டுக்குப் போனது. இடையில் சன்ட்ரா அவரை இருத்தி வைத்துக் கேட்டார்: வீட்டில் ஏதாவது பிரச்சினையா, சுகமில்லையா, வேலைத்தலத்தில் யாராவது தொந்தரவா? பாலேந்திரா, "நோ புறொப்ளம்" என்று சொல்லி, கோயில் வடை கொண்ட பொட்டலத்தை மேசையில் வைத்தார். சன்ட்ரா அன்பளிப்பு வாங்கக்கூடாதென்று சொல்லிப் பொட்டலத்தைத் திருப்பித் தள்ளினார்.

கோட்டிலும் அதே கதைதான். தனக்கு இங்கிலிஷ் தெரியும், சட்டத்தரணியும் வேண்டாம், மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சட்டத்தரணி வந்தால் கடிதங்கள் வீட்டுக்கு வரும் என்ற பயம். மூன்று மஜிஸ்திரேட்டுகள் மேலே இருந்தார்கள். நடுவில் இருந்த பெண்மணி, ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"ஐ வோஸ் பிஸி."

"என்ன வேலையில்?"

"பேர்சனல்."

மூவரும் உள்ளே போய் வந்தார்கள். முன்னைய கட்டளை ரத்து. பத்துக் கிழமை, எழுபது நாள், சிறை. பாலேந்திரா பழக்கதோஷத்தில் "தாங்க் யூ" என்றார். காவலுக்கு நின்றவன் அவரை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கையில் விலங்கைப் பூட்டினான்.

தயாளினி அன்று பின்னேரம் கோட்டு அலுவலகத்தில் விபரம் கேட்டுத் தொலைபேசியை வைத்ததும் அழைத்தது தம்பி குகநாதனைத்தான். கோட்டு விஷயம் தெரிந்தவர்கள் என்று குடும்பத்தில் வேறு ஒருவரும் இல்லை.

"அத்தானோ?" என்றான் குகநாதன்.

"ஓமடா."

"எங்கட அத்தானோ?"

"ஓம் எண்டுறன்."

"தடையிருக்கேக்க ஓடிப் பிடிபட்டவரோ? அத்தானோ?" மூன்றாவது முறை கேட்கும்போது அவன் குரலில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. ஆனாலும் அவன் நல்லவன். தன் வழக்கைப் பேசிய சட்டத்தரணி பெர்னடெற்றின் இலக்கத்தை உடனே கொடுத்தான்.

பெர்னடெற் மன்னாரில் பிறந்து, சின்ன வயதிலேயே டூட்டிங்குக்கு வந்தவர். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக எழுதுவார். சிறையின் சந்திப்பு அறையில் பாலேந்திரா சொன்ன கதை முழுவதையும் எழுதியபின் பேனாவை மூடினார்.

"அண்ணை, இவ்வளவு காரணத்தையும் வயித்துக்குள்ள வச்சுக்கொண்டோ 'பிஸி' எண்டு சொன்னனீங்கள்?"

"வேற என்னெண்டு சொல்லுறது, தங்கச்சி?"

"சரி. நாங்கள் மேன்முறையீடு செய்யலாம். கிரவுன் கோட்டில ஒரு ஜட்ஜும் இரண்டு மஜிஸ்திரேட்டும் இருந்து முழுக்கப் புதுசாக் கேப்பினம். ஒண்டு சொல்லிப்போடுறன். அவை குறைக்கவும் ஏலும், கூட்டவும் ஏலும்."

"கூட்டவுமோ?"

"ஓம். ஆறு மாசம் வரைக்கும் போகலாம்."

பாலேந்திரா யோசித்தார். அறையில் மேல்கட்டிலில் படுக்கும் ஜமேக்காக்காரர் ஏற்கெனவே அவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். பத்துக் கிழமையென்றால் பாதியில் விட்டுவிடுவார்கள். அந்த மனிதர் முதல் நாள் இவரிடம், எதற்காக உள்ளே வந்தாய் என்று கேட்டவர். "புல் வெட்டப் போகவில்லை" என்று இவர் சொன்னதற்குக் கட்டில் ஆட ஆடச் சிரித்து, பிறகு சாப்பாட்டு வரிசையில் எல்லோருக்கும் இவரைக் காட்டி அறிமுகப்படுத்தினார்.

"பேசாம இருந்தா அஞ்சு கிழமையில வீட்டை போகலாம்" என்றார் பாலேந்திரா.

"போகலாம். ஆனா ஜெயிலுக்குப் போனவர் எண்டது நிக்கும். சனத்தின்ர வீட்டுக்குள்ள போய் வேலை செய்யிற ஆள் நீங்கள். யோசிச்சுச் சொல்லுங்கோ. இருபத்தொரு நாளுக்குள்ள போட வேணும்."

யோசிப்பதற்கு அவசியம் வரவில்லை. அடுத்த நாள் தயாளினி பார்க்க வந்தார். கோயிலுக்குக் கட்டும் பச்சைச் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டிருந்தார். எதிரே வந்து அமர்ந்து, கணவரின் கண்ணை மட்டும் பார்த்தார். முதலில் இடது கண். பிறகு வலது.

"இரண்டும் தெரியுதோ?"

"தெரியுது."

"ஒரு நாள்கூடக் கண் வருத்தம் இருக்கேல்லையோ?"

"இல்லை."

"நான் ஒன்பது மாசமாப் பொன்னாங்காணி ஆய்ஞ்சனான். விரல் நுனி கறுத்துப் போச்சு."

பாலேந்திரா தலையைக் குனிந்தார். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை சிப்ஸ் பக்கெற்றைக் கிழித்துக் கொட்டியது. தயாளினி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அப்பீல் போடுங்கோ."

"கூட்டிப்போட்டாங்களெண்டால்?"

"கூட்டட்டும். நான் கோட்டில முன்வரிசையில இருப்பன். எனக்குச் சொன்ன பொய் அவ்வளவையும் அதில நிண்டு ஜட்ஜுக்குச் சொல்லுங்கோ. கண், கிளினிக், தொண்டு, எல்லாம்."

"அதொண்டும் கேசுக்குத் தேவையில்லை, தயா."

"எனக்குத் தேவை" என்று சொல்லி எழும்பினார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வாசலில் நின்று, சிறைக் காவலரிடம் ஏதோ கேட்டார். மழைக்குளிர், அவருக்கு மேலதிகமாக ஒரு போர்வை கொடுப்பீர்களா என்று கேட்டாராம். இதைக் காவலர் பிறகு பாலேந்திராவிடம் சொல்லிச் சிரித்தார். போர்வை வரவில்லை.

பெர்னடெற் பிணை கேட்டார். நீதிபதி, பிணை வேண்டாம், மேன்முறையீட்டையே சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று நாள் கொடுத்தார். நவம்பர் தொடக்கத்தில் வழக்கு வந்தது.

நீதிபதி மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். இரு பக்கமும் இரண்டு மஜிஸ்திரேட்டுகள்: வயதான ஒரு சீக்கியரும், இளம்பெண் ஒருவரும். பெர்னடெற் இம்முறை மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் என்று சொல்லிவிட்டார். வந்தவர் முருகேசன், மதுரைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். "ஒண்ணும் பயப்படாதீங்க சார். நீங்க சொல்றத அப்படியே சொல்லிடுவேன்" என்று முன்கூட்டியே தைரியம் கொடுத்தார்.

முதலில் சன்ட்ரா சாட்சி சொன்னார். அவர் ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வந்த நாட்களில் இவர் நன்றாக வேலை செய்தார். சொல்லப்போனால் ஒரு பார்க்கின் உடைந்த படிக்கட்டைத் தானாகவே திருத்திக் கொடுத்தார். வராத நாட்களுக்குக் காரணம் கேட்டேன், பல தடவை கேட்டேன், வடை தந்தார். இவ்வளவுதான்.

பிறகு பாலேந்திரா கூண்டில் ஏறினார். முன்வரிசையில் தயாளினி. அதே பச்சைச் சேலை.

"அந்த இரண்டு சனிக்கிழமையும் எங்க நிண்டனீங்கள்?" என்று பெர்னடெற் இங்கிலிஷில் கேட்க, முருகேசன் தமிழில் சொன்னார்.

"கோயிலில. முதல் சனி கொடியேத்தம். மற்றச் சனி நான் தேருக்குப் பொறுப்பா நிண்டனான்."

முருகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார். அவருடைய ஊர்ப் பத்திரிகைகளில் தேருக்கு இங்கிலிஷில் எப்போதும் ஒரே சொல்தான். கோயில் கார்.

"அடுத்த சனிக்கிழமை நான் காருக்குப் பொறுப்பாக இருந்தேன்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் நிமிர்ந்தார்.

"மன்னிக்கவும்" என்றார் நீதிபதி. "தடையிருக்கும்போது வாகனம் ஓடியதற்காகத் தண்டிக்கப்பட்டவர், அந்தத் தண்டனையை விட்டுவிட்டுப் போய், ஒரு காருக்குப் பொறுப்பாக இருந்தார் என்றா சொல்கிறார்?"

"ஆமாம், கனம் நீதிபதி அவர்களே. மிகப் பெரிய கார். முப்பது அடி உயரம்" என்றார் முருகேசன்.

"முப்பது அடி."

"உச்சியில் கலசம் உண்டு."

பெர்னடெற் துள்ளி எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, அதற்கு எஞ்சின் இல்லை. மரத்தால் செய்த தேர். சில நூறு பேர் வடம் பிடித்து இழுப்பது. மணிக்கு ஒரு மைலுக்கு மேல் போகாது."

"அப்படியானால் இவர் இதுவரை ஓட்டியதிலேயே பாதுகாப்பான வேகம் அதுதான்" என்றார் நீதிபதி. சீக்கிய மஜிஸ்திரேட் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். இங்கிலிஷில் என்ன நடந்ததென்று புரியாமல் நின்ற பாலேந்திராவுக்கு முருகேசன் கடைசி வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்த்தார். பாலேந்திரா ஒப்புக்கொண்டு தலையாட்டினார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் முக்கியமான கேள்வி. பெர்னடெற் அதைத் தயாராக வைத்திருந்தார். அது உங்களுக்குத் தட்டமுடியாத சமயக் கடமை, அப்படித்தானே? பதில் 'ஓம்' என்று வரவேண்டும். வந்திருந்தால் வழக்கு லேசாக முடிந்திருக்கும்.

பாலேந்திரா முன்வரிசையைப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "என்னை ஒருத்தரும் கட்டாயப்படுத்தேல்லை. மிஸ் சன்ட்ராவிட்ட லீவு கேட்டிருந்தாத் தந்திருப்பா. ஆனா கோயிலில இருந்து ஒரு கடிதம் கேப்பா. கடிதம் கேட்டால், நான் ஏன் சனிக்கிழமை போறன் எண்டு கோயிலுக்குத் தெரிஞ்சிடும். பிறகு மனிசிக்குத் தெரிஞ்சிடும். மனிசிக்கு நான் கண் வருத்தம் எண்டு சொல்லி வச்சிருந்தனான். செவ்வாய்க்கிழமை கிளினிக் எண்டு சொன்னனான். சனிக்கிழமை தொண்டு எண்டு சொன்னனான். அவ அதை நம்பி ஒவ்வொரு நாளும் எனக்குக் கீரை காய்ச்சித் தந்தவ."

முருகேசன் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். இம்முறை சொல் எதுவும் தடுமாறவில்லை.

"இன்னொண்டும் சொல்ல வேணும். எனக்கு அது விருப்பமாவும் இருந்தது. ஆரஞ்சுச் சட்டையோட பார்க்கில நிக்கேக்க எங்கட சனம் ஆரும் வந்தால் லொறிக்குப் பின்னால ஒளிப்பன். தேரில அப்பிடி இல்லை. அழுதுகொண்டு வந்த சனம் என்னைக் கூப்பிட்டுத் தண்ணி கேட்டுதுகள். நானும் ஒரு மனிசன் எண்டு நிண்டன். அதுக்காகத்தான் போனனான். பிழைதான்."

பெர்னடெற் மெதுவாகத் தன் இருக்கையில் அமர்ந்துவிட்டார். கேட்க ஒன்றும் மிச்சமில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞரும் தனக்குக் கேள்வி இல்லை என்றார். இளம் மஜிஸ்திரேட் மட்டும் குனிந்து நீதிபதியின் காதில் ஏதோ சொன்னார். நீதிபதி கேட்டார்: "உங்கள் மனைவி இன்று இங்கே இருக்கிறாரா?"

"ஓம். பச்சைச் சேலை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தயாளினி யாரையும் பார்க்காமல், மடியிலிருந்த கைப்பையின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மூவரும் உள்ளே போனார்கள். நெடுநேரம் வரவில்லை. பாலேந்திராவுக்கு ஆறு மாதம் என்ற சொல் காதுக்குள் இரைந்தது. பெர்னடெற் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து நீதிபதி வாசித்தது இதுதான். கட்டளையை மீறியது தெளிவு. கோயில் விழா அதற்குச் சாட்டு ஆகாது, மேன்முறையீட்டாளரே அப்படிச் சொல்லவில்லை. கீழ்நீதிமன்றத்துக்கு இவர் ஒரு காரணமும் கொடுக்காததால், அது வேறெப்படியும் தீர்ப்பளித்திருக்க முடியாது. ஆனால் இன்று முழு விபரமும் முன்னால் இருக்கிறது. வேலையை இவர் வெறுத்து விட்டுவிடவில்லை, வெட்கத்தில் விட்டிருக்கிறார். சிறைத்தண்டனை நீக்கப்படுகிறது. பழைய கட்டளை திரும்பவும் அமுலுக்கு வருகிறது. வேலை நேரம் நாற்பது மணித்தியாலம் கூட்டப்படுகிறது. "மனைவிக்குச் சொன்ன பொய்கள் இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே இருக்கின்றன" என்று முடித்தார். "அந்த விசாரணை இன்று பின்னேரமே தொடங்கும் என்று நினைக்கிறேன்."

பாலேந்திரா "தாங்க் யூ" என்றார். இம்முறை யாரும் தவறாக எடுக்கவில்லை.

அவர் பொருட்களைப் பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, தயாளினி வாசலில் குடையோடு நின்றார். பெர்னடெற் இருவருக்கும் பொதுவாகக் கைகாட்டிவிட்டு அடுத்த வழக்குக்கு ஓடினார். ட்ராமில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. இரண்டு நிறுத்தம் போனது.

"ஜட்ஜ் நல்ல மனிசன்" என்றார் தயாளினி.

"ஓம்."

"நான் ஜட்ஜில்லை."

"தெரியும்."

"ஒரு மாசத்துக்கு நீங்கள்தான் சமையல்."

பாலேந்திரா இதை மேன்முறையீடு செய்யவில்லை.

மிச்சம் நெருங்கும்போது தயாளினியாகவே தொடங்கினார். "போன கிழமை விஜயரத்தினம் அண்ணை வந்தவர். உங்களைக் காணேல்லை எண்டு. கண் ஒப்பரேசன் எண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்திட்டுது. பிறகு நினைச்சன், ஒரு வீட்டில ஒரு ஆள் பொய் சொன்னாக் காணும் எண்டு. உள்ளதைச் சொன்னன்."

"என்ன சொன்னார்?"

"தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சார். பிறகு, கோட்டு எந்த நாளை எடுத்திருக்கு எண்டு கேட்டார். சனி எண்டன். 'அப்ப நாங்கள் ஞாயிறை எடுக்கிறம்' எண்டிட்டு எழும்பிப் போயிட்டார்."

பாலேந்திரா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை விட்டிருந்தது. தயாளினி தன் கைக்குட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தார்; வைத்துவிட்டு மற்றப் பக்கம் பார்த்தார்.

அந்த ஞாயிறு குகநாதன் சாப்பிட வந்தான். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த பேச்சு அவனிடம் இருக்கும் என்று பாலேந்திரா எதிர்பார்த்து, மீன்குழம்பு வைத்துக் காத்திருந்தார். குகநாதன் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டான். கை கழுவும்போது மட்டும், "அத்தான், குழம்பில உப்புக் கொஞ்சம் குறைவு" என்றான். பாலேந்திராவுக்கு இது புத்திமதியைவிடப் பெரிதாக உறைத்தது. அன்றைக்குச் சட்டிகளையும் அவரே கழுவினார்.

வேலை மறு சனிக்கிழமை தொடங்கியது. மிச்சம் பக்கத்துப் பெரிய புல்வெளியில் இலை கூட்டுவது. ஆரஞ்சுச் சட்டை அணிந்த ஆறேழு பேர். ஓக் மர இலைகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. பத்து மணிபோல் பாதையில் ஒரு குடும்பம் வந்தது. தேரன்று தோளில் குழந்தையோடு வடம் பிடித்த இளைஞன் ஒருவன், மனைவியோடும் தள்ளுவண்டியோடும். பாலேந்திராவின் கால்கள் பழக்கத்தில் லொறிப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தன. பிறகு நின்றன. அவர் கையை உயர்த்தினார்.

இளைஞன் கிட்ட வந்து, ஆரஞ்சுச் சட்டையையும் மற்றவர்களையும் பார்த்தான்.

"அண்ணை, நல்ல வேலை செய்யிறியள். இது எந்தச் சங்கம்?"

"கோட்டுச் சங்கம்" என்றார் பாலேந்திரா.

"அப்பிடியொண்டு இருக்கோ? எப்பிடிச் சேருறது?"

"லேசு, தம்பி. காரைக் கொஞ்சம் வேகமா ஓடினாச் சரி. மிச்சத்தை அவையள் பாத்துக்கொள்ளுவினம்."

இளைஞன் ஒரு கணம் விழித்தான். அவன் மனைவிக்கு முதலில் விளங்கிவிட்டது; அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாலேந்திரா தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்து, "பிள்ளைக்குக் குளிரப்போகுது, போயிட்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டு, அடுத்த மரத்தடிக்குப் போனார்.